கண்ணாடியக்காவின் வெள்ளைப் பக்கம்

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடியக்கா ஒரு வெள்ளைப் பக்கத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். சாதாரண முறைப்பு இல்லை. சிவப்பு விளக்கில் பின்னாலிருந்து ஹாரன் அடிப்பவனைத் திரும்பிப் பார்ப்பாளே, அந்த முறைப்பு. பக்கம் அசைந்து கொடுக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை வெள்ளை. ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், சாவியைத் தொடுவதற்கு முன்னாலேயே, "கண்ணாடியைப் பாத்தியா?" என்று கேட்பாள். பாடம் முடிந்து கதவைத் திறக்கும்போதும் அதையேதான் கேட்பாள். அதனால் மாணவர்கள் வைத்த பேர் கண்ணாடியக்கா. அப்படி ஒரு பேர் இருப்பதே தெரியாத மாதிரி காட்டிக்கொள்வாள். ஆனால் யாராவது ஃபோனில் வாய் தவறி "கண்ணாடியக்காவா?" என்று கேட்டுவிட்டால், "ஆமா, சொல்லு" என்றுதான் பதில் வரும்.

அந்த ஃபோன்தான் இத்தனைக்கும் காரணம். பக்கத்து சீட்டில் ஒருத்தி மேட்டில் வண்டியை எடுக்கத் தெரியாமல் வேர்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரம் பார்த்து ஃபோன் கத்தும். "டீச்சர், செவ்வாய்க்கிழமை பத்து மணி காலியா?" அதற்குப் பதில் சொல்லி வைத்தால், "டீச்சர், புதன்கிழமை?" என்று அடுத்தவர். காலி நேரத்தையெல்லாம் இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும் என்று முடிவெடுத்தாள். அதையும் யாரிடமும் கேட்காமல் தானே செய்வது என்று முடிவெடுத்தாள். ஸ்டியரிங் எது, சீட் பெல்ட் எது என்று தெரியாதவர்களையெல்லாம் ரோட்டில் ஓட விட்டவளுக்கு இது வராதா என்ன?

வீடியோவில் ஒரு தாடிக்காரர் சொல்லிக் கொடுத்தார். வாயைத் திறந்தால் "ரொம்ப சிம்பிள்" என்பார். முதல் வீடியோவில் எச்டிஎம்எல். அது நிஜமாகவே சிம்பிளாகத்தான் இருந்தது. நீல நிறத்தில் பெரிய தலைப்பு வந்தது. கண்ணாடியக்கா அதைப் பார்த்துப் பூரித்துப் போய் ஒரு பிஸ்கட் சாப்பிட்டாள். இரண்டாவது வீடியோவில் பிஎச்பி. கிழமையைப் பார்த்து, போட்டு வைத்த பாடங்களைக் கழித்து, மிச்ச நேரத்தைத் தானாகவே காட்ட வேண்டும். தாடிக்காரர் சொன்னதை வரிக்கு வரி தட்டினாள். "இப்போ பிரவுசர்ல பாருங்க. வந்திருச்சா? சூப்பர்!" என்று அவரே கேட்டு, அவரே பாராட்டிக்கொண்டார்.

"வரலைன்னு சொல்றேன்ல!" என்றாள் கண்ணாடியக்கா, திரையைப் பார்த்து.

அவளுடைய கணவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். மத்தியான வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடேங்கப்பா. என்ன ஒரு வெள்ளை! திட்டு இல்ல, பிரஷ் கோடு இல்ல. எங்களுக்கு மூணு கோட்டு அடிச்சாலும் இந்த ஃபினிஷ் வராது. என்ன பிராண்டு?"

"பிஎச்பி."

"கேள்விப்பட்டதே இல்லையே. காய எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு நாளா என் மண்டைதான் காயுது. போங்க அந்தப் பக்கம்."

பெயிண்டர் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாக, சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி, "சின்னவனைக் கேட்டா என்ன?" என்றார்.

"அவனைக் கூப்பிட்டீங்கன்னா அப்புறம் இருக்கு உங்களுக்கு."

சின்னவன் என்பது பெயிண்டருடைய தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பிஎச்பி அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. கேட்டால் ஓடி வருவான். பிரச்சினை அதுவல்ல. சில வருஷங்களுக்கு முன்னால் கண்ணாடியக்கா அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். மூன்று தடவை டெஸ்டுக்குப் போனான், மூன்று தடவையும் கோட்டை விட்டான். முதல் தடவை, வலது பக்கம் திரும்ப சிக்னல் போடுவதற்குப் பதிலாக வைப்பரைப் போட்டான். வெயில் கொளுத்துகிறது, கண்ணாடியில் வைப்பர் வரட்டு வரட்டென்று ஆடுகிறது, டெஸ்ட் எடுக்க வந்தவர், "அடடா, குடை கொண்டு வரலையே" என்றாராம். குடும்பத்தில் நாலு பேர் கூடினால் கண்ணாடியக்கா இந்தக் கதையை நடித்தே காட்டுவாள். கையே வைப்பராகும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சின்னவனும் சிரிப்பான். அப்படிப்பட்டவனிடம் போய், "தம்பி, எனக்கு ஒண்ணுமே வரலப்பா" என்று எந்த முகத்தோடு சொல்வது?

பெயிண்டர் எழுந்து பால்கனிப் பக்கம் போனார். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர் ஏன் ஃபோனை எடுத்துக்கொண்டு போனார் என்று கண்ணாடியக்காவுக்கு அப்போது தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வாசல் மணி அடித்தது. சின்னவன் நின்றுகொண்டிருந்தான்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன் அண்ணி."

கண்ணாடியக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பெயிண்டருக்குத் திடீரென்று கூரையின் மூலையில் ஒரு விரிசல் கண்ணில் பட்டது. அதை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

வந்தது வந்தாகிவிட்டது. சின்னவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"நான் தொட மாட்டேன் அண்ணி. நீங்கதான் ஓட்டணும். நான் பக்கத்துல இருக்கேன்."

"ஏண்டா, ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிக் குடுத்துட்டுப் போயேன்."

"நான் பண்ணினா நீங்க எப்போ கத்துக்கறது?"

அது அவளுடைய வசனம். அச்சு அசலாக, அதே இழுப்போடு சொன்னான். பல வருஷமாக மனசுக்குள் உருப்போட்டு வைத்திருப்பான் போலிருக்கிறது. பெயிண்டர் கூரையைப் பார்த்தபடியே இருமினார்.

"சரி. கிளம்பறதுக்கு முன்னாடி முதல்ல எதைப் பாக்கணும்?" என்றான் சின்னவன்.

கண்ணாடியக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். "எதைப் பாக்கணும், நீயே சொல்லு."

"மேல அட்ரஸைப் பாருங்க. என்ன போட்டிருக்கு?"

"ஃபைல்னு ஆரம்பிக்குது. அப்புறம் டெஸ்க்டாப்பு, அது இதுன்னு என்னமோ."

"கோப்பை ரெண்டு தட்டு தட்டித் திறந்தீங்களா?"

"பின்ன எப்படித் திறப்பாங்க?"

"வண்டியை ஸ்டார்ட்டே பண்ணாம கியரைப் போட்டுப் போட்டுப் பாத்திருக்கீங்க." அவன் முகத்தில் சிரிப்பில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "பிரவுசருக்கு பிஎச்பி படிக்கத் தெரியாது அண்ணி. அதைப் படிக்கிறதுக்குத் தனியா ஒருத்தன் இருக்கான், சர்வர். நீங்க அவன்கிட்ட குடுத்து, அவன் படிச்சு முடிச்சு, பதிலை பிரவுசர்கிட்ட குடுக்கணும். சர்வரைப் போட்டு வச்சிருக்கீங்கல்ல?"

"அந்தத் தாடிக்காரர் போடச் சொன்னாரு, போட்டேன். ஆனா அவன்கிட்ட குடுக்கணும்னு சொல்லலையே."

"சொல்லியிருப்பாரு. நீங்க அப்போ பிஸ்கட் எடுக்கப் போயிருப்பீங்க."

இதை இவனிடம் யார் சொன்னது? பெயிண்டர் பால்கனிச் செடிக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அந்த வெள்ளையின் மேல் ரைட் கிளிக் செய்து, பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கச் சொன்னான் சின்னவன். திறந்தாள். அவள் தட்டியது எல்லாம், நாலு நாள் உழைப்பும், அப்படியே வரிக்கு வரி அங்கே உட்கார்ந்திருந்தது. ஒன்றும் தொலைந்து போகவில்லை. யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். கோப்பின் பேரைப் பார்த்தால் கடைசியில் டாட் எச்டிஎம்எல். முதல் வீடியோவுக்குத் திறந்த கோப்பிலேயே, பழையதை அழித்துவிட்டு, நீலத் தலைப்பையும் பிஎச்பிக்குள்ளேயே போட்டு எழுதிக்கொண்டே போயிருக்கிறாள். பிரவுசர் அந்த பிஎச்பி முழுவதையும் ஏதோ தனக்குச் சம்பந்தமில்லாத குறிப்பு என்று ஒதுக்கிவிட்டு, வெள்ளையைக் காட்டியிருக்கிறது.

பேரை டாட் பிஎச்பி என்று மாற்றினாள். சர்வருக்குரிய ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்தாள். மேலே அட்ரஸில் சர்வரின் பேரான லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டி, கோப்பின் பேரைத் தட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு என்டரை அழுத்தினாள்.

வெள்ளை.

"இதுவும் அதே வெள்ளைதானே?" என்றார் பால்கனியிலிருந்து பெயிண்டர்.

"இது வேற வெள்ளை அண்ணே," என்றான் சின்னவன். "முன்னாடி இருந்தது யாருமே படிக்காத வெள்ளை. இது படிச்சுப் பாத்துத் தப்பு கண்டுபிடிச்சிட்டு, வாயை மூடிக்கிட்டு இருக்கற வெள்ளை."

"தப்பைக் கண்டுபிடிச்சா சொல்ல வேண்டியதுதானே? ஏன் மூடிக்கிட்டு இருக்கணும்?" என்றாள் கண்ணாடியக்கா.

"பிழையை வெளில காட்டாதன்னு செட்டிங்ல இருக்கு."

"யாரு பழக்கி விட்டது இப்படி மறைக்கிறதுக்கு?"

சின்னவன் எதையோ மென்று விழுங்கினான். அவள் அதைக் கவனிக்கவில்லை. பிழைகளைக் காட்டு என்று கோப்பின் முதல் வரியிலேயே எழுதலாமே என்று அவளுக்குத் தோன்றியது. தாடிக்காரரின் வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறாள். எழுதினாள். அப்போதும் வெள்ளைதான்.

"முழுக் கோப்பையும் இலக்கணம் பாத்து முடிச்ச பிறகுதான் அவன் முதல் வரியையே ஓட்டுவான் அண்ணி. இலக்கணமே தப்புன்னா, நீங்க எழுதின அந்த வரியும் ஓடாது. செட்டிங் கோப்புலயே போய் மாத்துவோம்."

செட்டிங் கோப்பு ஒரு முடிவில்லாத நெடுஞ்சாலையாக இருந்தது. கண்ணாடியக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கினாள். மவுஸைப் பிடித்த கையில் நரம்பு புடைத்தது. சக்கரம் தாறுமாறாக ஓடி, தேடிய வரியைத் தாண்டிப் போய், மறுபடியும் மேலே ஏறி, மறுபடியும் தாண்டியது.

"இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க அண்ணி," என்றான் சின்னவன் சாவகாசமாக. "பூனைக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க. நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது."

மவுஸ் நின்றது.

கண்ணாடியக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்து, மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பூனைக்குட்டி எங்கேருந்து வந்தது?"

"எந்தப்... பூனைக்குட்டி?"

"நான் இருபது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் குடுக்கறேன். ஒரு நாளும் பூனைக்குட்டின்னு சொன்னதில்ல. இந்த ஊர்ல அப்படிச் சொல்றது ஒரே ஆளு. தொப்பிக்காரர். அவர்கிட்ட பாதியில விட்டுட்டு என்கிட்ட வர்றவங்க எல்லாம் இதையேதான் சொல்லிக்கிட்டு வருவாங்க. 'நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது.' நீ எங்கடா கேட்ட?"

சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை. தொப்பிக்காரர் மேற்குப் பக்கத்தில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். கண்ணாடியக்காவுக்கும் அவருக்கும் பகை ஒன்றும் கிடையாது. எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு தடவை ஹெட்லைட்டை மினுக்கிவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த மினுக்கலில் அன்பும் கிடையாது.

"அவர்கிட்ட கத்துக்கிட்டேன் அண்ணி," என்றான் கடைசியில். "பாஸும் பண்ணிட்டேன். ரெண்டு மாசமாச்சு."

பால்கனியில் பெயிண்டரும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். அவருக்கும் இது புதுச் செய்தி.

"ரெண்டு மாசமா. ஒரு வார்த்தை சொல்லல," என்றாள் கண்ணாடியக்கா. குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் சின்னவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் என்ன, ரொம்பத் திட்டிட்டேனா?"

"திட்டினதுக்கு இல்ல அண்ணி. யாருதான் திட்டல? அந்தத் தொப்பிக்காரரும்தான் திட்டினாரு." அவன் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினான். "நாலாவது தடவையும் ஃபெயிலானா, அதுவும் ஒரு கதையாயிடும்னு பயமா இருந்துது. அங்க ஃபெயிலானா யாருக்கும் தெரியாதுல்ல."

"நீயும்தானே கூட உக்காந்து சிரிப்ப?"

"சிரிக்காம வேற என்ன பண்றது?"

கண்ணாடியக்கா மவுஸை விட்டுவிட்டாள். அந்த வைப்பரை எத்தனை வீட்டு விசேஷத்தில் ஆட்டியிருக்கிறாள், எத்தனை பேர் முன்னால் ஆட்டியிருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தாள். சிரிப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறாள். சின்னவன் சிரித்த முகம் எப்படி இருந்தது என்று யோசித்தால், ஒழுங்காக ஞாபகம் வரவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

திரும்பி, மவுஸை எடுத்தாள். தேடிய வரி கண்ணுக்கு நேரே இருந்தது. டிஸ்ப்ளே எரர்ஸ், ஆஃப். ஆஃபை அழித்து ஆன் என்று தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

"அடுத்தது என்ன, சொல்லு," என்றாள்.

"சர்வரை நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணணும்."

பண்ணினாள். பக்கத்தைப் புதுப்பித்தாள். வெள்ளைக்கு மேலே இரண்டு வரி எழுத்து வந்தது. இலக்கணப் பிழை, எதிர்பாராத எக்கோ, பதினாலாவது வரி என்று ஆங்கிலத்தில் கத்தியது. திட்டு வாங்கியதற்கு ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க முடியாது. "வாயைத் திறந்துடுச்சு!" என்று கத்தினாள். பெயிண்டர் ஓடி வந்து பார்த்துவிட்டு, "சுவரைக் கெடுத்துட்டியே" என்றார்.

பதினாலாவது வரியைப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். தாடிக்காரர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அச்சாக அதேதான். சின்னவனைப் பார்த்தாள். அவன் இப்போது வசனம் எதுவும் பேசவில்லை, சொல்லட்டுமா என்பது போல வாயைத் திறந்தான்.

"சொல்லாத," என்றாள். "இரு." ஒரு வரி மேலே போனாள். பதிமூன்றாவது வரியின் முடிவில் இருக்க வேண்டிய செமிகோலன் இல்லை. "அட, மோதினது பதினாலுல, தப்பு பதிமூணுல. முன்னாடி போனவன் சொல்லாம கொள்ளாம நின்னுருக்கான். பின்னாடி வந்தவன் மேல கேஸ் எழுதியிருக்காங்க."

"அதேதான் அண்ணி. எப்பவும் ஒரு வரி முன்னாடியும் பாக்கணும்."

செமிகோலனைப் போட்டாள். பக்கம் வந்தது. நீல நிறத்தில், 'காலியாக உள்ள நேரங்கள்' என்ற தலைப்பு. அதற்குக் கீழே காலியாகவே இருந்தது. பிழைச் செய்தியும் இல்லை.

சின்னவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். கண்ணாடியக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ அண்ணனோட போய் டீ போடு. ரெண்டு பேரும் என் தலைமாட்டுல நிக்காதீங்க."

அவர்கள் சமையலறைக்குப் போனதும் தனியாக உட்கார்ந்து யோசித்தாள். புது ஆளை ரோட்டில் விட்டால் எங்கே திணறுகிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? கூடவே போய், ஒவ்வொரு திருப்பத்திலும் பார்ப்பாள். அதே மாதிரி, கணக்குப் போடும் பகுதிக்கு முன்னால் 'இங்கே வந்தாச்சு' என்று திரையில் காட்டச் சொல்லி ஒரு எக்கோ போட்டாள். அதற்குள்ளே ஒன்று போட்டாள். முடிந்த பிறகு ஒன்று. புதுப்பித்தாள். 'இங்கே வந்தாச்சு' மூன்று தடவை வந்தது. ஆக, உள்ளே போகிறது, வேலையைச் செய்கிறது, வெளியேயும் வருகிறது. பின்னே பதில் எங்கே?

கணக்குப் பகுதியின் கடைசி வரியைப் பார்த்தாள். ரிட்டர்ன். காலி நேரங்களையெல்லாம் கூட்டிச் சேர்த்து, அழகாக ரிட்டர்ன் செய்திருக்கிறது. கீழே வந்து அதைக் கூப்பிட்ட இடத்தைப் பார்த்தாள். கூப்பிட்டிருக்கிறாள், அது திருப்பிக் கொடுத்ததை வாங்கித் திரையில் காட்ட எக்கோ போடவில்லை.

சமையலறைக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள். இரண்டு பேரும் டீயோடு ஓடி வந்தார்கள்.

"எல்லாக் கணக்கையும் சரியாப் போட்டுட்டு, யார்கிட்டயும் மூச்சு விடாம உக்காந்திருக்கு," என்றாள் சின்னவனைப் பார்த்து. "சில பேர் பாஸ் பண்ணிட்டு இருக்கற மாதிரி."

சின்னவன் அசடு வழிந்தான். அவள் எக்கோ என்று தட்டி, என்டரை அழுத்தினாள். திங்கள் ஒன்பது மணி, திங்கள் நாலு மணி, செவ்வாய் பத்து மணி என்று வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. பெயிண்டர் தன் ஃபோனை எடுத்து, திரையில் இருந்த முகவரியை அப்படியே தட்டிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் வரலையே?"

"இது இன்னும் அண்ணியோட லேப்டாப்புக்குள்ளதான் இருக்கு அண்ணே. வெளில எல்லாருக்கும் தெரியணும்னா வேற இடத்துல ஏத்தணும். அடுத்த சனிக்கிழமை வரேன்."

"எதுல வருவ?" என்று கேட்டாள் கண்ணாடியக்கா.

சின்னவன் டீயைப் பார்த்தான். "கார்லதான் அண்ணி."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் கார்லதான். அடுத்த தெருவுல நிறுத்திட்டு நடந்து வந்தேன்."

கண்ணாடியக்கா டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த தெருவில் ஒரு பழைய சாம்பல் நிறக் கார் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியக்கா அதைச் சுற்றி வந்தாள். நடைபாதையிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக நிறுத்தியிருந்தான். சக்கரம் திரும்பியிருக்கவில்லை. குறை சொல்ல ஒன்று கிடைக்குமா என்று இன்னொரு சுற்றும் வந்தாள். பிறகு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். பெயிண்டர் பின்னால் உட்கார்ந்து கதவை மூடிவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நாடகம் பார்க்க வந்தவர் மாதிரி தயாரானார்.

"எங்க போகணும் அண்ணி?"

"நேரா போ. நான் சொல்றப்போ..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "உனக்கு எங்க போகணுமோ போ. நீதானே ஓட்டற."

வண்டி கிளம்பியது. அவளுடைய வண்டியில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இதில் கிடையாது. அது கால்களுக்குத் தெரியவில்லை. முதல் முனை வந்ததும் வலது கால் தானாகவே போய்த் தரைவிரிப்பை அழுத்தியது. சின்னவன் ஓரக்கண்ணால் பார்த்தான். வண்டி சரியான இடத்தில் நின்று, பார்த்து, கிளம்பியது. அடுத்த முனையிலும் கால் அழுத்தியது. அதற்கடுத்த முனையில் பாதிதான் அழுத்தியது.

மேட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டி வந்தது. சின்னவன் ஒரு அங்குலம் கூடப் பின்னால் உருளாமல் வண்டியை எடுத்தான். இதே மேட்டில்தான் முன்பெல்லாம் அவன் மூன்று தடவை இன்ஜினை அணைப்பான்.

கண்ணாடியக்கா கொஞ்ச தூரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மேட்டுல எடுக்கறதை அந்தத் தொப்பிக்காரர் எப்படிச் சொல்லிக் குடுத்தாரு?"

"காலால யோசிக்காத, காதால கேளுன்னாரு அண்ணி. இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனக்கும். அந்த நேரம் கைப்பிரேக்கை விடுன்னாரு."

"அது தப்பு. சத்தத்தை நம்பக் கூடாது."

"சரி அண்ணி."

பின்னாலிருந்து பெயிண்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணாடியக்கா அவருக்கு இடம் கொடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு வரப்போகிறவள் மேட்டில் வேர்த்துக் கொட்டுவாளே என்று நினைத்துக்கொண்டாள்.

"கனக்கும்னா எப்படிக் கனக்கும்? திருப்பிக்கிட்டுப் போய் அந்த மேட்டுலயே இன்னொரு தடவை எடுத்துக் காட்டு, பாப்போம்."